அழுத்தக் காலுறை: விமானத்துக்கு எது, அறுவை சிகிச்சைக்கு எது, யாருக்கு ஆகாது

சிங்கப்பூரில் "காலில் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு சாக்ஸ்" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்கள் கைக்கு வரும். கார்டியன், வாட்சன்ஸ் போன்ற கடைகளில் தொங்கும் பயணக் காலுறை ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்து வருபவர் வீட்டுக்குக் கொண்டுவரும், விரல் பக்கம் ஓட்டை விட்ட வெள்ளைக் காலுறை இன்னொன்று. நரம்புச் சுருட்டலுக்காக அளவெடுத்து வாங்கும் தடித்த, தோல் நிறக் காலுறை மூன்றாவது. வீட்டில் ஏதோ ஒன்று கிடந்தால் அடுத்த பயணத்துக்கு அதையே மாட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் மூன்றின் அழுத்தமும் வேறு. எந்த நிலையில் இருப்பவருக்காக அவை தைக்கப்பட்டன என்பதும் வேறு. இவற்றோடு காலுறையே இல்லாத வழிகளும் உண்டு: எழுந்து நடப்பது, காற்றடித்துக் காலைப் பிடித்துவிடும் இயந்திரம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, மாத்திரை. யாருக்கு எது என்று முடிவெடுக்க முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

காலின் ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைய மூன்று காரணங்கள் உண்டு. ஓட்டம் மந்தமாகலாம், குழாயின் உள்சுவர் காயப்படலாம், ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறலாம். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஷோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் முக்காரணம் இது. காலுறை இதில் முதலாவதை மட்டுமே கவனிக்கிறது. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தி, சிரையைச் சற்று ஒடுக்கி, தேங்கிய ரத்தத்தை வேகமாக மேலே அனுப்புகிறது. அறுவை சிகிச்சையில் காயப்பட்ட குழாயை அதனால் ஆற்ற முடியாது. புற்றுநோயோ கர்ப்பமோ கருத்தடை மாத்திரையோ ரத்தத்தின் தன்மையை மாற்றியிருந்தால் அதையும் திருப்ப முடியாது. ஆகவே மந்தமான ஓட்டமே முக்கியக் காரணமாக இருக்கும் இடத்தில், அதாவது நீண்ட நேரம் மடக்கிய காலோடு உட்காரும் இடத்தில், காலுறை தன் வேலையைச் செய்யும். மற்ற இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் அது துணைக்கு நிற்கும், அவ்வளவுதான்.

விமானத்தில்

சாங்கியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். உடல் நலமாக இருப்பவருக்கு இந்தப் பயணத்துக்குக் காலுறை தேவையில்லை. லண்டனுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானம் பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டும். கேள்வி எழுவது இங்கேதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் நடந்த ரைட் ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2007இல் வந்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்றது அது. அதே ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே அப்படிக் கட்டி வருகிறது. இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் படித்தால் பயம் வரும். இரண்டாவதை மட்டும் படித்தால் அலட்சியம் வரும். குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல விமானங்கள் ஏறினால் ஆபத்து கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஊரிலிருந்து கிளம்பி, சாங்கியில் விமானம் மாறி, ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு விமானத்தின் நேரத்தை மட்டும் எண்ணக் கூடாது. மொத்தத்தையும் கூட்டுங்கள்.

காலுறை உண்மையிலேயே தடுக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நீண்ட விமானப் பயணிகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஒன்பது சோதனைகளில் 2,637 பேர். பயணத்துக்குப் பின் ஸ்கேன் செய்தபோது ஐம்பது பேருக்கு அறிகுறி காட்டாத கட்டி இருந்தது. அவர்களில் மூவர் காலுறை அணிந்தவர்கள், 47 பேர் அணியாதவர்கள். கால் வீக்கமும் அணிந்தவர்களுக்குக் குறைவு. ஆனால் இரு பக்கத்திலும் எவருக்கும் நுரையீரலில் கட்டி அடைக்கவில்லை, எவரும் இறக்கவில்லை. அதனால் உயிரைக் காக்கிறது என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. கட்டி உருவாவதைக் குறைக்கிறது என்று சொல்லலாம். அது சின்ன விஷயமல்ல.

அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி, ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தாலும் காலுறையோ ஊசியோ ஆஸ்பிரினோ வேண்டியதில்லை என்கிறது. முன்பே ஒருமுறை ரத்தக் கட்டி வந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பிள்ளை பெற்ற சில வாரங்களில் இருப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்குக் காலுறையோ ஊசியோ தகும். கர்ப்பம், உடல் பருமன், ஹார்மோன் மாத்திரை போன்றவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலும் அப்படியே. இந்த வரிசையில் நீங்கள் இருந்தால், டிக்கெட் எடுத்தவுடன் மருத்துவரிடம் பேசுங்கள். புறப்படும் வாரத்தில் போனால் அளவெடுத்து, போட்டுப் பார்த்துப் பழக நேரம் இருக்காது.

பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று உயரம். 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கு விமானப் பயணத்தில் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. பாதம் தரையில் பதியாமல் தொங்க, இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குழாயை அழுத்துவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நம் அம்மாக்கள், பாட்டிகள் பலர் இந்த உயரம்தான். முன் இருக்கைக்கு அடியில் வைத்த கைப்பையை இழுத்து அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டால் தொடை இருக்கையிலிருந்து சற்றே எழும். காசில்லாத தீர்வு.

விமானத்துக்கு வாங்குவதென்றால் முழங்காலுக்குக் கீழ் நிற்கும், கணுக்காலில் 15 முதல் 20 எம்எம்எச்ஜி (mmHg, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தும் காலுறை போதும். தொடை வரை போகும் வகை வேண்டாம். மணிக்கணக்கில் உட்காரும்போது அது வழுக்கி இறங்கி முழங்காலுக்குப் பின்னால் கயிறாகச் சுருளும். வீட்டை விட்டுக் கிளம்புமுன் போட்டு, போய்ச் சேர்ந்து நடமாடத் தொடங்கியபின் கழற்றலாம்.

காலுறையோடு எதை ஒப்பிட்டாலும் நடை தோற்காது. நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இதை மணிக்கு இருபது முப்பது தடவை செய்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். தண்ணீர் நிறையக் குடிப்பது ரத்தக் கட்டியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. ஆனால் குடித்தால் கழிவறைக்கு எழுந்தாக வேண்டும், அது நல்லது. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் எட்டு மணி நேரம் சாய்ந்து கிடப்பது இத்தனையையும் வீணாக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பயணத்துக்கு முன் ஆஸ்பிரின் போடுவதையும் விடுங்கள். பயணக் கட்டிக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்கும் ஆபத்து நிஜம். இதயத்துக்காக ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கம்போல் தொடருங்கள்.

பெட்டியில் எதைப் படிப்பது

‘கிளாஸ் 1’, ‘கிளாஸ் 2’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாறலாம். ஜெர்மானிய அளவுமுறையில் கிளாஸ் 1 என்பது 18 முதல் 21 எம்எம்எச்ஜி. பிரிட்டிஷ் முறையில் அதே கிளாஸ் 1 வெறும் 14 முதல் 17. பிரிட்டிஷ் கிளாஸ் 2 என்பது 18 முதல் 24. ஜெர்மானிய கிளாஸ் 2 என்பது 23 முதல் 32. அமெரிக்கத் தயாரிப்புகள் பெரும்பாலும் எண்ணையே போடுகின்றன. எல்லா நாட்டுச் சரக்கும் ஒரே அலமாரியில் நிற்கும் ஊர் இது. வகுப்பை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லாமல் ‘சோர்வு நீக்கும்’, ‘கால் மெலிய’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதை ரத்தக் கட்டிக்காக வாங்காதீர்கள்.

அடுத்தது அளவு. காலணி எண்ணை வைத்து மட்டும் எஸ், எம், எல் சொல்லும் பெட்டி நல்ல வழிகாட்டி அல்ல. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன், தையல் நாடாவால் மூன்று இடம் அளக்க வேண்டும்: கணுக்கால் எலும்புக்கு மேல் மிக மெலிந்த இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலில் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இரு கால்களையும் அளங்கள், வித்தியாசம் இருக்கும்.

இவ்வளவு கறார் ஏன்? ஒரே துணி ஒரே இழுப்பில் மெலிந்த இடத்தை அதிகமாகவும் பருத்த இடத்தைக் குறைவாகவும் அழுத்தும் என்பது இயற்பியல். கெண்டைக்கால் பெரிதாக இருப்பவர் சிறிய அளவை இழுத்து மாட்டினால் துணி அங்கே எல்லை மீறி நீண்டு, மேலே கடுமையாகவும் கீழே தளர்ந்தும் பிடிக்கும். அழுத்தம் தலைகீழாகிவிடும். மேலே போக வேண்டிய ரத்தம் கீழேயே தங்கும். 2001இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் காலுறை அணிந்தவர்களில் ஒருவருக்கும் ஆழ்சிரையில் கட்டி வரவில்லை. ஆனால் நரம்புச் சுருட்டல் உள்ள நால்வருக்குத் தோலுக்கு அடியில் உள்ள சிரையில் அழற்சி வந்தது. சுருட்டல் இருப்பவர்கள் கடையில் கிடைத்ததை எடுக்காமல் அளவெடுத்து வாங்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

போடும் முறை

பலர் இரண்டே நாளில் காலுறையைக் கைவிடுவது போடத் தெரியாததால்தான். மேல் விளிம்பைப் பிடித்து இழுப்பதுதான் முதல் தவறு. இப்படிச் செய்யுங்கள்:

1. காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பையை உள்ளிருந்து பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதப் பகுதி மட்டும் உள்ளே மடிந்து நிற்கும்.
2. பாதத்தை நுழைத்துக் குதிகால் பையில் குதிகாலைச் சரியாகப் பொருத்துங்கள். இங்கே கோணினால் மேலே எல்லாம் கோணும்.
3. மீதியைக் கணுக்காலுக்கு மேல் திருப்பிவிட்டு, உள்ளங்கையால் சிறிது சிறிதாகத் தடவி மேலேற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பாதி பலத்தில் ஏறும். நகமும் மோதிரமும் நூலைக் கிழிக்காது.
4. முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். எஞ்சியதை மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் துணி இரட்டையாகி அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிக்கும். அது காலைக் கட்டிப்போடும். மிச்சம் வந்தால் கீழே சுருக்கம் இருக்கிறது அல்லது அளவு தவறு.

போட்ட அரை மணி நேரத்தில் விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ வலித்தாலோ கழற்றிவிடுங்கள். பழகப் பழகச் சரியாகும் வலி இதில் இல்லை.

காலில் எண்ணெயோ கிரீமோ பூசுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூசினால் ஏறவும் ஏறாது, மீள்நூலும் கெடும். மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுங்கள். வீவக வீட்டுக் கம்பில் நேர் வெயிலில் போடாமல் உள்ளே நிழலில் காய விடுங்கள். துணிமிருதுவாக்கியும் உலர்த்தி இயந்திரமும் கூடாது. தினமும் அணிபவருக்கு இரண்டு ஜோடி வேண்டும்; ஆறு மாதத்தில் பிடிப்பு தளரும். மாட்டுவது திடீரென்று சுலபமாகிவிட்டதென்றால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.

மருத்துவமனையில்

வார்டில் கொடுக்கும் வெள்ளைக் காலுறை படுத்திருப்பவருக்கானது. கணுக்காலில் சுமார் 18, கெண்டைக்காலில் 14 எம்எம்எச்ஜி. விரலருகே உள்ள ஓட்டை பாதத்தின் நிறத்தையும் சூட்டையும் தாதி பார்ப்பதற்கு. நிற்கும்போது காலில் ஏறும் ரத்த அழுத்தத்துக்கு இது போதுமானதாக வடிவமைக்கப்படவில்லை. ஆகவே வீட்டுக்கு வந்தபின் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கவோ நரம்புச் சுருட்டலுக்கோ இதை எடுத்துப் போடுவதில் பெரிய பயனில்லை.

அறுவை சிகிச்சையில் காலுறையை எதோடு ஒப்பிடுவது என்பதில் இன்று பார்வை மாறியிருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான கேப்ஸ் சோதனையில், திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு ஊசி மட்டும், மறு பாதிக்கு ஊசியோடு காலுறையும் கொடுத்தார்கள். கட்டி வந்தது ஊசி மட்டும் போட்டவர்களில் 1.7 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 1.4 சதவீதம். ஊசி மட்டுமே போதும் என்பது முடிவு. அதாவது ஊசி போடக்கூடியவருக்குக் காலுறையால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு. ரத்தக்கசிவு பயத்தால் ஊசி போட முடியாதவருக்குத்தான் இயந்திர வழிகள் முக்கியமாகின்றன.

அந்த வழிகளில் காற்றழுத்த இயந்திரம் காலுறையை முந்துகிறது. பக்கவாத நோயாளிகளிடம் இது நன்றாகத் தெரிந்தது. 2009இல் வந்த கிளாட்ஸ் சோதனையில் தொடை வரையிலான காலுறை கட்டியைக் குறைக்கவில்லை. தோல் புண்ணானவர்கள் மட்டும் அதிகம்: அணிந்தவர்களில் 5.1 சதவீதம், அணியாதவர்களில் 1.3. அதே வரிசையில் 2013இல் வந்த சோதனையில் காற்றழுத்த இயந்திரம் கட்டியை 12.1 சதவீதத்திலிருந்து 8.5க்குக் குறைத்தது. எனவே வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவருக்கு நீங்களாகக் காலுறை வாங்கி மாட்டாதீர்கள். இயந்திரத்தின் பலவீனம் மனிதர்கள்தான்: கழிவறைக்குப் போகக் கழற்றுவார்கள், திரும்ப மாட்ட மறப்பார்கள், சத்தத்துக்கு எரிச்சல்பட்டு அணைப்பார்கள். நாளில் பதினெட்டு மணி நேரமாவது ஓட வேண்டும் என்பது இலக்கு. துணைக்கு இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி, திரும்பப் படுத்ததும் அது மறுபடி ஓடுகிறதா என்று பார்ப்பது.

ஊசியென்றால் பெரும்பாலும் எனாக்ஸபரின், வழக்கமாக நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கு அடியில். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவு குறையும். இது பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற பொருளிலிருந்து தயாராவது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் சைவர்களுக்கும் இது முக்கியமாகப் பட்டால் அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். ஃபோண்டபரினக்ஸ் ஊசியும், ரிவரோக்ஸபன், அபிக்ஸபன் மாத்திரைகளும் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவை. உங்கள் சிகிச்சைக்கு அவை பொருந்துமா என்று மருத்துவர் சொல்வார். இடுப்பு மூட்டு மாற்றியவர் ரிவரோக்ஸபனை ஐந்து வாரமும், முழங்கால் மாற்றியவர் இரண்டு வாரமும் எடுப்பது வழக்கம். வலி குறைந்ததும் நடுவில் நிறுத்துவது ஆபத்து.

சர்க்கரை உள்ளவர்கள் முதலில் படிக்க வேண்டியது

2010 தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுள்ள சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7 சதவீதம். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களின் வீடுகளில் காலுறையால் கெடுதல் வரக்கூடிய ஒருவராவது இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் சர்க்கரை காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை அடைக்கும். ஏற்கெனவே குறைவாக வரும் ரத்தத்தை வெளியிலிருந்தும் அழுத்தினால் விரலும் குதிகாலும் புண்ணாகி, ஆறாமல், கறுத்துப் போகலாம். உணர்ச்சி மரத்த பாதம் அந்த வலியைச் சொல்லாது. இரண்டும் சேர்ந்தவருக்கு இறுக்கமான காலுறை உண்மையான ஆபத்து.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? பாதம் சில்லிட்டிருக்கிறதா? காலில் பைபாஸ் செய்திருக்கிறதா? ஆறாத புண், காகிதம் போல் மெலிந்த தோல், இதயக் கோளாறால் இரு கால் வீக்கம்? ஒன்றுக்கு ஆம் என்றாலும் காலுறைக்கு முன் பரிசோதனை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை எளிது, வலிக்காது. விகிதம் 0.8க்குக் கீழே போனால் நிபுணர் சொல்லாமல் போடக் கூடாது. சர்க்கரைக்காரர்களின் தமனி கெட்டிப்பட்டு இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும், 1.3க்கு மேல் வந்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று பொருளல்ல, கால் விரல் அழுத்தத்தைத் தனியே அளக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நீரிழிவுப் பாதப் பரிசோதனையின்போதே "காலுறை போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பிள்ளை பெற்றவர்கள், நின்று வேலை செய்பவர்கள்

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் ரத்தக் கட்டிக்கு மிக ஆபத்தான காலம். சிசேரியன் என்றால் கூடுதல். பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைத்து, நாற்பது நாள் அறைக்குள் படுக்க வைப்பது இந்த ஒரு விஷயத்தில் தாய்க்கு எதிராகப் போகிறது. வீட்டுக்குள் நடக்க விடுங்கள், தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். மருத்துவர் ஊசி எழுதியிருந்தால் காலுறை அதற்கு மாற்றல்ல.

சமையற்கூடத்திலும் பாதுகாவல் பணியிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களுக்குக் காலுறை வீக்கத்தையும் கடுப்பையும் நன்றாகவே குறைக்கும். 15 முதல் 20 போதும். அது சுகத்துக்காக. ரத்தக் கட்டியைத் தடுக்கவென்று ஆரோக்கியமான ஒருவர் தினமும் போட வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டி வரவே வராது என்ற உத்தரவாதம் இல்லை. பயணத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம் கூடுதல் கவனம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிடும். பிடிப்பு என்று நினைத்துத் தைலம் போட்டு நீவிவிடாதீர்கள், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத் திணறல், மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் டாக்சி தேடாமல் 995ஐ அழையுங்கள். எப்போது, எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.